மாப்பிள்ளையின் கடலுக்கு மாமனார் ஊற்றிய தண்ணீர்

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளைக்கு,

மாமனார் ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். சர்க்கரை, ரத்த அழுத்தம், இடது முழங்கால் வலி மூன்றும் அதனதன் இடத்தில் குறைவில்லாமல் இருக்கின்றன. நீங்களும் உங்கள் கப்பலும் அதன் இயந்திரங்களும் நலமாக இருக்க வேண்டுகிறேன். மீன்தொட்டி நலமாக இல்லை. முறைப்படி பார்த்தால் இந்த மாதிரிச் செய்தியைக் கடிதத்தின் நடுவில், நாலு நல்ல விஷயங்களுக்குப் பிறகு மெதுவாக எடுத்துவிட வேண்டும். நாலு நல்ல விஷயங்களுக்கு எங்கே போவது என்று தெரியாததால் இங்கேயே சொல்லிவிட்டேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் எந்தக் கடலில் இருந்தாலும் கூப்பிடுகிறீர்கள். "மாமா, தொட்டியில தண்ணி லெவல் சரியா இருக்கா?" என்று கேட்கிறீர்கள். "இருக்கு மாப்பிள்ளை" என்கிறேன். "சரி மாமா, வச்சிடறேன்" என்கிறீர்கள். நீங்கள் இந்த ஆறு மாதக் கப்பல் வேலைக்குக் கிளம்பியதிலிருந்து நமக்குள் நடந்த பேச்சு மொத்தமும் இவ்வளவுதான். இதற்கு நடுவில் இவ்வளவு பெரிய சங்கதியை நுழைத்தால் நீங்கள் "பரவாயில்லை மாமா" என்று சொல்லி வைத்துவிடுவீர்கள். அந்தப் பரவாயில்லையை என்னால் தாங்க முடியாது. அதனால்தான் உங்கள் கம்பெனி அலுவலகத்துக்குப் போய், அடுத்த துறைமுகத்துக்கு எப்போது தபால் அனுப்புவீர்கள் என்று விசாரித்துக்கொண்டு வந்து எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பவுண்டர் இறந்துவிட்டது. என் மகள் தன் கையால் தேர்ந்தெடுத்து, தன் கையால் தொட்டியில் விட்ட இறால். முதுகில் சிவப்புக்கும் சிவப்புக்கும் நடுவே ஒரு வெள்ளைக் கோடு, முழநீள வெள்ளை மீசை. பாறை இடுக்கில் நின்றுகொண்டு வரிசையில் வரும் மீன்களின் வாயையும் செவுளையும் சுத்தம் பண்ணி அனுப்பும் என்பதால் அவள் வைத்த பெயர் அது. "அப்பா, பாருங்க, எல்லாரையும் கவனிக்குது, ஒருத்தர்கிட்டயும் சீட்டு கேக்கல" என்பாள். அந்தக் கம்பவுண்டர்தான் இப்போது இல்லை. மற்றவர்கள் பாக்கி இருக்கிறார்கள் என்று சொல்லி ஆறுதல் தேட நான் விரும்பவில்லை. ஆரஞ்சு மீன்கள் இரண்டும் இருக்கின்றன. நத்தைகளில் இரண்டு முன்பே போய்விட்டன. அதுவும் என் கைங்கரியம்தான். வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், எதையும் மறைக்கவில்லை.

நீங்கள் போகும்போது இருபது லிட்டர் கேன் பன்னிரண்டு வைத்துவிட்டுப் போனீர்கள். மீன்தொட்டிக் கடைக்காரரிடம் வடிகட்டி வாங்கிய சுத்தத் தண்ணீர், ஆறு மாதத்துக்குக் காணும் என்று சொன்னீர்கள். கண்ணாடியில் அவள் ஒட்டிய நீல டேப்பைக் காட்டி, "இந்தக் கோடு வரைக்கும் தினமும் ஊத்தினா போதும் மாமா, வேற ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்றும் சொன்னீர்கள். நான் வேறு ஒன்றும் பண்ணாமல் இருந்திருக்கலாம். ஆனால் கோடை வந்தது, அறை கொதித்தது, நான் மட்டும் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருக்க, அவை பாட்டுக்கு வெந்நீரில் கிடக்கின்றனவே என்று மனசு கேட்காமல் மேஜை மின்விசிறியைத் தொட்டியின் மேல் திருப்பி வைத்தேன். தொட்டிக்குக் குளிர்ந்தது உண்மை. தண்ணீர் பறந்துபோனதும் உண்மை. உங்கள் ஆறு மாதத் தண்ணீர் மூன்று மாதத்தில் தீர்ந்தது. கடைக்காரரிடம் ஓடினால் அவருடைய சுத்திகரிப்பு மெஷின் படுத்துவிட்டிருந்தது. உள்ளே ஏதோ சவ்வு கிழிந்துவிட்டதாம், புதியது வர நாளாகும் என்றார்.

மாப்பிள்ளை, நான் முப்பத்தொரு வருடம் குடிநீர் வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்தவன். எந்த வீட்டுக்கு எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். போனது எப்படிப்பட்ட தண்ணீர் என்பது வேறு பிரிவு. அவர்கள் மூன்றாம் மாடியில் இருந்தார்கள், லிஃப்ட் கிடையாது, நான் போனதில்லை. அந்த மூன்றாம் மாடிக்கு ஒரு தடவையாவது ஏறியிருந்தால் இந்தக் கடிதமே தேவைப்பட்டிருக்காது.

நான் யோசித்தது இப்படி. தொட்டியில் இருப்பது கடல் தண்ணீர், குறைந்ததும் கடல் தண்ணீர், ஆகவே ஊற்ற வேண்டியதும் கடல் தண்ணீர். நீங்கள் ஊரில் இருக்கும்போது செய்யும் மாதாந்திரத் தண்ணீர் மாற்றத்துக்காக வைத்திருந்த உப்பு வாளியைத் திறந்து, அளவு பிசகாமல் கரைத்து, ஒன்பது நாள் ஊற்றினேன். லெவல் அப்பழுக்கில்லாமல் இருந்தது. நீங்கள் கூப்பிட்டபோது நான் "இருக்கு மாப்பிள்ளை" என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் நத்தைகள் கதவைச் சாத்திக்கொண்டன. தட்டினாலும் திறக்கவில்லை. மேல்வீட்டு அம்மா, பள்ளிக்கூடத்தில் பூகோளம் எடுத்து ஓய்வுபெற்றவர், ஏதோ கேட்க வந்தவர் நின்று பார்த்தார்.

"சார், அடுப்புல வச்சது வத்திப்போனா என்ன ஊத்துவீங்க?"

"தண்ணி."

"உப்பும் சேத்துப் போடுவீங்களா?"

"போட மாட்டேன். ஏற்கெனவே கரிக்கும்."

"அப்ப இதுல ஏன் போடறீங்க? தண்ணிதான் ஆவியா போவும், உப்பு எங்கயும் போவாது. அது அங்கயேதான் கெடக்கும்."

உங்கள் மாமியார் போனதிலிருந்து பதினொரு வருடமாகச் சொந்தமாகச் சமைத்துச் சாப்பிடுகிறவன் நான். அடுப்பில் தெரிந்தது தொட்டியில் தெரியவில்லை. கப்பலில் நீங்கள் கடல் தண்ணீரைக் காய்ச்சிக் குடிதண்ணீர் ஆக்குகிறீர்கள், இங்கே நான் கடல் தண்ணீரை உப்பளம் ஆக்கியிருந்தேன். நத்தைகளில் இரண்டு அந்த வாரமே போய்ச் சேர்ந்தன.

சரி, இனி வெறும் தண்ணீர் என்று முடிவாயிற்று. எந்த வெறும் தண்ணீர் என்பதில்தான் என் தலையெழுத்து ஆரம்பமாயிற்று. குழாய்த் தண்ணீரை ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்தால் அதில் போட்ட குளோரின் மருந்து பறந்துவிடும் என்று என் காலத்தில் சொல்வார்கள். அப்படியே வைத்து ஊற்றினேன். நாலாம் நாள் கண்ணாடி முழுக்கப் பச்சைப் பாசி, மீன்கள் ஜன்னல் துடைக்காத ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனதுபோல் மங்கலாகத் தெரிந்தன. கடைக்காரர் சொன்னார்: "சார், அதெல்லாம் பழைய மருந்து. இப்ப போடறது வாளியில வச்சா போகாது. போதாததுக்கு பாசிக்குத் தேவையான சத்தெல்லாம் குழாய்த் தண்ணியிலயே வருது." அந்த மருந்தைப் போடுகிறவர்கள் என்னோடு ஒரே கேன்டீனில் டீ குடித்தவர்கள். மருந்தை மாற்றினோம் என்று ஒரு வார்த்தை யாரும் சொல்லவில்லை. கொதிக்க வைத்து ஊற்றலாமா என்று கேட்டேன். கொதித்தால் கிருமி சாகும், மற்றதெல்லாம் இன்னும் கெட்டியாக உள்ளேயே உட்காரும் என்றார். பாட்டில் தண்ணீர் என்றேன். லேபிளைப் படியுங்கள் என்றார். பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். உடம்புக்கு நல்லது என்று அவர்களே நாலைந்து உப்பைச் சேர்த்துத்தான் விற்கிறார்கள்.

பிறகு எதிர்க் கட்டடத்தில் வேலை செய்துகொண்டிருந்த ஏசி மெக்கானிக் ஒருவர் யோசனை சொன்னார். "பெரியவரே, ஏசியிலேர்ந்து சொட்டுற தண்ணி காத்துலேர்ந்து வர்றது. மண்ணையே பாத்திருக்காது. அதைவிட சுத்தம் ஏது?" எனக்கும் அது நியாயமாகப் பட்டது. அந்தக் கட்டடத்தின் சந்தில், சொட்டுகிற குழாய்க்குக் கீழே ஒரு பாட்டிலைப் பிடித்துக்கொண்டு மூன்று மணி நேரம் நின்றேன். போகிற வருகிறவர்கள் முதலில் பார்த்தார்கள், பிறகு பார்க்காத மாதிரி போனார்கள், ஒரு அம்மாள் மட்டும் திரும்பி வந்து ஒரு பாட்டில் குடிதண்ணீர் என் கையில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அந்தத் தண்ணீரையும் ஊற்ற முடியவில்லை. ஏசிக்குள் அது இறங்கி வரும் செம்புக் குழாய், தூசி, பூஞ்சை என்று கடைக்காரர் போனிலேயே ஒரு பட்டியல் வாசித்தார். அவர் சொன்னதில் செம்பு என்ற வார்த்தையை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். என் சமையலறையில் ஒரு செம்புக்குடம் இருப்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று உங்களுக்கும் அதிலிருந்துதான் மொண்டு கொடுத்தேன். நான் தினமும் குடிப்பது மண்பானையில். செம்புக்குடம் மதிப்புள்ளவர்களுக்கு மட்டும். இந்தத் தொட்டிக்குப் பாவம் உப்புத் தண்ணீர், குழாய்த் தண்ணீர் என்று கண்டதையும் ஊற்றிவிட்டோம், இனியாவது நம்மிடம் இருப்பதிலேயே நல்லதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். குடத்தை எலுமிச்சம்பழம் போட்டுப் பளபளவென்று தேய்த்தேன். செம்பில் ஒரு ராத்திரி இருந்தால் குழாய்த் தண்ணீரும் சுத்தமாகிவிடும் என்பது எங்கள் காலத்து நம்பிக்கை. ராத்திரி நிரப்பி வைத்து விடிந்ததும் ஊற்றினேன். இரண்டு நாள் ஊற்றினேன். ஊற்றிவிட்டுக் கம்பவுண்டரிடம், "குடி, இது நம்ம வீட்டு மாப்பிள்ளைக்குக் கொடுத்த தண்ணி" என்றுகூடச் சொன்னேன். மூன்றாம் நாள் அது பாறையை விட்டு வெளியே வரவில்லை. மீன்கள் வரிசையில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பின.

கடைக்காரர் இந்தத் தடவை போனில் கத்தவில்லை. மெதுவாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. "சார், செம்பு ஒரு துளி கரைஞ்சாலும் இறாலுக்கும் நத்தைக்கும் விஷம். மீன் தாங்கும், இதுங்க தாங்காது. இன்னைக்குள்ள பாதித் தண்ணியை மாத்திடுங்க. நூறு லிட்டர் வேணும். சும்மா தண்ணி இல்ல, ஒண்ணுமே கலக்காத தண்ணி. என் மெஷின் இன்னும் வரல. வேற எங்கயாவது பிடிங்க" என்று சொல்லி, பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை ஆள் மூலம் கொடுத்தனுப்பினார். தண்ணீரில் நனைத்தால் எவ்வளவு கலந்திருக்கிறது என்று எண் காட்டும். பூஜ்யம் காட்டுகிற தண்ணீரைக் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஓய்வுபெற்று ஒன்பது வருடம் கழித்து என் கையில் ஒரு மீட்டர்.

அன்று காலையில் நான் ஏறி இறங்கிய படிகள் கொஞ்சமல்ல. பக்கத்து வீட்டு மணியை அடித்ததும் கதவு திறந்தது, வாய் தன்னால், "ரீடிங் எடுக்கணும்மா" என்றது. அந்தப் பெண்ணும் மறுபேச்சில்லாமல் வழிவிட்டாள். பதினாலு வீடு பார்த்தேன். நூற்றெண்பது, இருநூற்றைம்பது, ஒரு வீட்டில் நானூற்றுப் பத்து. அவர்களிடம் சொல்ல மனம் வராமல், "கொஞ்சம் கூடுதலா ஓடுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கீழ்த்தளத்தில் குடியிருப்போர் சங்கம் பெரிய மெஷின் வைத்து, மேலே 'முற்றிலும் தூய நீர்' என்று எழுதி மாட்டியிருக்கிறதல்லவா, அது முந்நூறு காட்டியது. சங்கச் செயலாளர் மீட்டரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உங்க மீட்டர்தான் ரிப்பேர் சார்."

"முப்பத்தொரு வருஷமா இதே பதிலைக் கேட்டவன் நான். வேற ஏதாவது சொல்லுங்க."

அவர் மீட்டரைத் திருப்பிக் கொடுத்தார். நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்த இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது, பூஜ்யம் காட்டும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று எனக்குக் காலையிலிருந்தே தெரியும். தெரிந்துகொண்டேதான் பதினாலு வீட்டு மணியை அடித்திருக்கிறேன்.

டயாலிசிஸ் சென்டர்.

நீங்கள் கப்பலில் இருந்த மாதங்களில் வாரம் மூன்று நாள் என் மகளை அங்கே கூட்டிப்போனவன் நான். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், இரண்டு வருடம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர்கள் தண்ணீரை எத்தனை உருளைகளில் விட்டுச் சுத்தம் பண்ணுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டேதான் நான் அத்தனை மணி நேரத்தையும் போக்கினேன். அவள் போன அன்று அந்த வாசலை இனி மிதிப்பதில்லை என்று முடிவு செய்தேன். அந்தத் தெருவில் இருக்கும் மருந்துக் கடைக்குக்கூடச் சுற்றிக்கொண்டு போகிறேன், முழங்காலுக்கு அது கூடுதல் தண்டனை. உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும், இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அவளுக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லிக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். காலையில் அளந்து பாட்டிலில் கொடுப்பது என் பொறுப்பு. கடைசி மாதத்தில் ஒரு நாள் மத்தியானமே பாட்டில் காலி. "அப்பா, இன்னும் ஒரே ஒரு வாய்" என்று கேட்டாள். "அளவு முடிஞ்சுபோச்சும்மா" என்றேன். மீட்டர் பார்த்த புத்தி. அவள் எழுந்து போய், கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துத் தொட்டியில் கோடு வரை ஊற்றிவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தான் குடித்த மாதிரி இருந்தது அவள் முகம். அந்த ஒரு வாயைக் கொடுத்திருக்கலாம் மாப்பிள்ளை. கொடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது.

சென்டரில் அந்த மூக்குக்கண்ணாடிப் பெண், மெஷின் பார்க்கும் டெக்னீஷியன், அவளேதான் இருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிவிட்டது.

"அப்பா, நீங்க... யாருக்கு என்ன ஆச்சு?"

"ஒரு இறாலுக்கும்மா."

அவள் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்திருப்பாள், நான் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை என் நாடியைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். பிறகு கம்பவுண்டர் யாருடையது என்பதைச் சொன்னேன். நாடியை விட்டுவிட்டாள்.

"அக்கா இங்க படுத்துக்கிட்டே போன்ல காட்டியிருக்காங்கப்பா. மீசை நீளமா இருக்கும்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். "சாயங்காலம் டேங்கை மருந்து போட்டுக் கழுவறதுக்கு முன்னாடி மிச்சத் தண்ணியை வெளிய விடுவோம். டிரெயின்லதான் போகுது. பெரிய டாக்டர்கிட்ட நான் கேட்டுக்கறேன். கேன் கொண்டாங்க."

மீட்டரை நனைத்துப் பார்த்தேன். பூஜ்யம். முப்பத்தொரு வருடத்தில் பூஜ்யம் காட்டிய மீட்டரைக் கண்டால் யாரோ திருட்டுத்தனமாகத் தண்ணீர் எடுக்கிறார்கள் என்றுதான் எழுதுவேன். அன்றைக்குத்தான் முதன்முறையாக அந்த எண்ணைப் பார்த்துச் சந்தோஷப்பட்டேன். ஐந்து கேனையும் வாடகை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். மேல்வீட்டு அம்மா உப்பைக் கொட்டக் கொட்ட நான் துடுப்பு மாதிரி ஒரு கட்டையால் கலக்கினேன். குறைந்தால் வெறும் தண்ணீர், மாற்றினால் உப்புத் தண்ணீர் என்பது இப்போது எனக்கு மனப்பாடம். பாதித் தண்ணீரை இறைத்து வெளியே விட்டு, புதியதை மெதுவாக ஊற்றி முடித்தோம்.

மறுநாள் காலையில் கம்பவுண்டர் மணலில் மல்லாந்து கிடந்தது. மீசை, கால், வால் எல்லாம் அப்படியே இருந்தன. கையில் எடுத்தால் எடையே இல்லை. கண்ணாடிக் காகிதம் மாதிரி உடம்புக்குள் வெளிச்சம் தெரிந்தது. விஷமோ வியாதியோ உள்ளே புகுந்தால் இப்படித்தான் உடம்பில் ஒன்றும் மிஞ்சாது, பார்த்திருக்கிறேன். துவைத்த கைக்குட்டையில் சுற்றி, பால்கனியில் ரோஜாச் செடித் தொட்டியில் புதைத்தேன். மேல்வீட்டு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். மகள் போனபோது ஆள் கூட்டம், காரியம், கையெழுத்து என்று என்னை அழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. ஒரு இறாலுக்கு அவ்வளவு நேரம் அழுதவன் இந்தக் கட்டடத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஒரு நப்பாசையையும் சொல்லிவிடுகிறேன். அன்று மத்தியானமே கடைக்குப் போனேன். அங்கே அதே ஜாதி, அதே சிவப்பு, அதே மீசையில் ஒன்று இருந்தது. வாங்கிப் போட்டால் உங்களுக்குத் தெரியவா போகிறது என்று அரைமணி நேரம் அதன் முன்னால் நின்றேன். நானோ நீங்களோ கண்டுபிடிக்க மாட்டோம். ஆனால் நீங்கள் வந்து அதன் எதிரில் உட்கார்ந்து, அவள் விட்ட இறால் என்று நினைத்துக்கொண்டு பார்ப்பீர்கள், நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்கு எனக்குத் தைரியம் போதவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன்.

இனிமேல் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் காரணம். பெண் இல்லாத வீட்டுக்கு மருமகன் வருவதற்கு என்ன முகாந்திரம் இருக்கிறது என்று இத்தனை நாளும் யோசித்தேன். தொட்டி ஒன்றுதான் இருந்தது. கப்பலை விட்டு இறங்கியதும் அதை எடுத்துப்போக நீங்கள் வருவீர்கள், வந்தால் ஒரு வேளையாவது இங்கே சாப்பிடுவீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் மின்விசிறியைத் திருப்பி வைத்தது முதல் செம்புக்குடத்தைத் தேய்த்தது வரை எல்லாம் செய்தேன். நீங்கள் நம்பி ஒப்படைத்ததை நானே என் கையால் கெடுத்துவிட்டேன். உங்களுக்கு வயதிருக்கிறது, வேறு வாழ்க்கை இருக்கிறது. என் ஒருவனுக்காக ஞாயிற்றுக்கிழமைதோறும் நடுக்கடலில் சிக்னல் தேடி அலைய வேண்டாம். வியாழக்கிழமை கடைக்காரர் ஆளோடு வந்து தொட்டியைப் பிரித்து, மீன்களைத் தன் கடைத் தொட்டியில் பத்திரமாக வைத்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நீங்கள் இறங்கியதும் நேராக அவரிடமே வாங்கிக்கொள்ளலாம். இந்த வீட்டுக்கு வந்தாக வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை. என் மீது வருத்தம் இருந்தால் நியாயம்தான். இல்லையென்றால் அது உங்கள் பெருந்தன்மை.

கடலும் காற்றும் உங்களுக்கு அனுசரணையாக இருக்கட்டும். வேளைக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு, நீண்ட ஆயுளோடு இருக்க இந்தக் கிழவனின் ஆசி எப்போதும் உண்டு. மேல்வீட்டு அம்மாவும், டெக்னீஷியன் பெண்ணும் உங்களை விசாரித்ததாகச் சொல்லச் சொன்னார்கள். சங்கச் செயலாளர் விசாரிக்கவில்லை.

இப்படிக்கு,
என்றும் உங்கள் நலம் நாடும்
மாமனார்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டி வைத்திருந்தேன், பிரித்து எழுதுகிறேன். இன்று வியாழக்கிழமை. கடைக்காரர் வந்தார், வாளிகளை இறக்கினார், பெரிய பாறையைத் தூக்கினார். அதற்கு அடியிலிருந்து கம்பவுண்டர் நடந்து வந்தது. உயிரோடு, முன்னைவிடச் சிவப்பாக, முன்னைவிட ஒரு சுற்றுப் பெரிதாக. கடைக்காரர் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டு சிரித்தார். "சார், இறால் வளரும்போது தோலை உரிச்சுப் போடும். தண்ணி மாத்தினா சில சமயம் உடனே உரிக்கும். புதுத் தோல் கெட்டியாகிற வரைக்கும் பயந்துக்கிட்டு எங்கயாவது ஒளிஞ்சிருக்கும். நீங்க புதைச்சது அது கழட்டிப் போட்ட சட்டையை" என்றார். தொட்டியைப் பிரிக்கவில்லை, அவரைத் திருப்பி அனுப்பிவிட்டேன். மேல்வீட்டு அம்மா, செருப்பைக் கழற்றி நின்றதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்கிறார்.

ஆகவே மேலே எழுதியதில் உப்பு, பாசி, செம்பு, இரண்டு நத்தைகள் தவிர மற்ற துக்கம் எதுவும் செல்லாது. நியாயமாக இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, எல்லாம் சௌக்கியம் என்று ஒரு வரி எழுத வேண்டும். கிழிக்கவில்லை. கம்பவுண்டர் உயிரோடு இருப்பதால் நீங்கள் இங்கே வருவீர்கள் என்பது எனக்கு இப்போது தெரியும். அது செத்திருந்தாலும் வந்திருப்பீர்களா என்பது தெரியவில்லை. அதை உங்களிடம் கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது என்றும் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன். இந்தப் பின்குறிப்பைப் படிக்காதவர் மாதிரி ஒரு தடவை மட்டும் யோசித்துப் பாருங்கள். வந்திருப்பேன் என்று தோன்றினால் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம், நம் இருவருக்கும் அது பழக்கமில்லை. அடுத்த தடவை கூப்பிடும்போது தண்ணீர் லெவலைக் கேட்பதற்கு முன்னால், "சாப்பிட்டீங்களா மாமா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள், போதும். நான் உடனே பதில் சொல்லாமல் போகலாம். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.